கழுவியதைக் கழுவிய கதை

1

இந்த நாட்டில் ஒரு மனுஷியை வேலையிலிருந்து அனுப்பிவைப்பது சுலபம். ஒரு கேக் வாங்குவார்கள். அதன்மேல் அவள் பெயரைச் சர்க்கரையில் எழுதுவார்கள். எழுதியதில் ஓர் எழுத்து தப்பாக இருக்கும். பெரியவர் ஒருவர் இரண்டு நிமிஷம் பேசுவார், அவர் சிரிக்கும் இடத்தில் மற்றவர்களும் சிரிப்பார்கள். பிறகு காகிதத் தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நம் ஊரில் ஒரு பியூன் ஓய்வு பெற்றால்கூட மாலை, சால்வை, மைக்செட், மூன்று மணி நேரப் பேச்சு என்று, வேலை பார்த்த காலத்தில் வதைத்தது போதாதென்று கடைசி நாளும் வதைத்துத்தான் அனுப்புவோம். இரண்டில் எது மரியாதை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை வாண்டாவுக்குக் கேக் வெட்டினார்கள். வாண்டா எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள். போலந்துக்காரி. பதினெட்டு வருஷமாக அதே தொட்டி, அதே ரப்பர் கையுறை, அதே மண்டைக்கட்டு. பேராசிரியர் பேசினார். "வாண்டா இல்லாவிட்டால் இங்கே ஒரு சோதனைகூட நடந்திருக்காது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மனுஷன்தான் அவளை வீட்டுக்கு அனுப்பக் கடிதம் தட்டச்சு பண்ணச் சொன்னவர்.

அவள் வேலைக்கு வந்த ஆபத்து என்னால் வந்தது. அது வாண்டாவுக்குத் தெரியாது என்றுதான் வெள்ளிக்கிழமை வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் சுகுணா. ஆலங்காயம் சொந்த ஊர். இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, ஆனால் என் பெயர் சுகுணா என்பது இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. வந்த அன்றைக்கு நிரப்பச் சொன்ன பாரத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து நான் டாக்டர் முனுசாமி. ஆலங்காயம் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த என் அப்பா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அவர் இன்றைக்கு அமெரிக்காவில் டாக்டர். செத்தும் கொடுத்தான் என்பார்களே, நான் அப்பாவுக்குச் செத்த பிறகு பட்டம் கொடுத்திருக்கிறேன்.

என் கணவர் பாலங்களுக்குப் படம் போடும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறார். மகள் பெயர் மாலதி. பள்ளிக்கூடத்தில் அவள் மெல். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு மாடு அசைபோடும் ஞாபகம்தான் வருகிறது. சொன்னால் கோபித்துக்கொள்கிறாள்.

என் வேலை என்ன என்று ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். "மருந்து ஆராய்ச்சி" என்று எழுதிப் போட்டுவிடுவேன். நிஜம் என்னவென்றால், செவ்வாய்க்கிழமை காலையில் இறைச்சிக்கூடத்துக்குப் போய், பனிக்கட்டி போட்ட வாளியில் பத்துப் பன்னிரண்டு மாட்டு மூளையை வாங்கி வருவேன். அதைத் துண்டு போட்டு, நம் வீட்டு மிக்ஸியின் பெரியப்பா மாதிரி இருக்கும் ஓர் இயந்திரத்தில் அரைப்பேன். என் அம்மா உயிரோடு இருக்கும்வரை இந்த வரியை நான் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை.

அரைத்த கூழிலிருந்து எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு நொதி. என்சைம் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். உடம்பில் ஒரு சுரப்பி சேதி அனுப்பினால், அந்தச் சேதியை உயிரணுவுக்கு உள்ளே வாங்கி வேலையைத் தொடங்கிவைக்கிற என்சைம் இது. சேதி வந்தால் எழுந்திருக்க வேண்டும். வராவிட்டால் தூங்க வேண்டும். இதன் பிழைப்பே அவ்வளவுதான், ஆனால் அது தப்பினால் உடம்பு தப்பிவிடும். புற்றுநோய் ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாம் இதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

பன்னிரண்டு மூளையை அரைத்து, வடிகட்டி, உப்புப் போட்டுத் திரளவைத்து, ஆள் உயரக் கண்ணாடித் தூண்களில் சொட்டுச் சொட்டாக இறக்கி, ஐந்து நாள் குளிர்அறையில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு நின்றால், கடைசியில் குழந்தைக்குப் பால் புகட்டும் ஒரு சங்கடை அளவுகூடத் தேறாது. அப்படிப் பிரித்தெடுத்ததை எழுப்பிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து. இந்த இரண்டும் சேர்ந்தால் எழுந்து வேலை செய்யும். ஒன்று குறைந்தாலும் கண் திறக்காது. ஆகையால் பிரித்தெடுக்கிற ஐந்து நாளும் கால்சியத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்கிற ஓர் உப்பைக் காவலுக்குப் போட்டு வைப்போம். கடைசிக் கட்டத்தில்தான் காவலை எடுப்போம். காவல் இல்லாத அந்த ஒரு நாள் நான் என்ன பண்ணினேன் என்பதுதான் இந்தக் கதை.

3

எங்கள் ஊரில் கழுவிக் கவிழ்த்த டம்ளரை அப்படியே எடுத்துத் தண்ணீர் குடிக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. ஒரு வாய்த் தண்ணீர் விட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றி, வாசலில் வீசிவிட்டுத்தான் குடிப்போம். நாமே கழுவியதாக இருந்தால் சில சமயம் விட்டுவிடுவோம். வேலைக்காரி கழுவியதாக இருந்தால் விடவே மாட்டோம். ஓட்டலில் உட்கார்ந்தால் எதிரே வைத்த டம்ளரை அலசுவோம், இலையில் தண்ணீர் தெளித்து வழித்து விடுவோம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தும்மல் வருகிற மாதிரி கைக்குத் தானே வரும்.

வாண்டா எப்படிக் கழுவுவாள் என்றும் சொல்ல வேண்டும். சோப்புத் தண்ணீர், பிறகு சாதாத் தண்ணீரில் ஏழு தடவை, பிறகு அமிலத் தொட்டி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் மூன்று தடவை. அப்புறம் சூட்டடுப்பில் உலரவைத்து ஒவ்வொரு சோதனைக்குழாயின் வாயையும் ஈயத்தாளால் மூடி அடுக்குவாள். இதைவிடச் சுத்தமாக ஒரு பொருளை இந்தப் பூமியில் கழுவ முடியாது. எனக்கு அது தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அவள் தொட்டி ஓரத்தில் நின்று சிகரெட் பிடிப்பாள். பன்றித் தொடை வைத்த ரொட்டியை ஒரு கையில் பிடித்துக் கடித்துக்கொண்டே மறு கையால் கூடையை இழுப்பாள். மூக்கைச் சிந்தின கைக்குட்டையை ஏப்ரன் பையிலேயே வைத்துக்கொள்வாள். எனக்கு அருவருப்பாக இருக்கும். அவளும் என்னை மாதிரி பிழைக்க வந்தவள், என்னைப் போலவே ஆங்கிலத்தை உடைத்து உடைத்துப் பேசுகிறவள் என்பதெல்லாம் அந்த அருவருப்பைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

ஆக, ஈயத்தாளைப் பிரித்ததும் என் மேஜையோரத்து பைப்பைத் திறந்து, ஒவ்வொரு சோதனைக்குழாயையும் ஒரு சுழற்றுச் சுழற்றி உதறிவிட்டுத்தான் எடுப்பேன். யோசித்துச் செய்ததில்லை. செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்புங்கள்.

4

ஒரு டிசம்பர் மாதம், காவலை எடுக்கும் அந்தக் கடைசிக் கட்டத்துக்கு முதன்முதலாக வந்தபோது, என் என்சைம் தூங்க மறுத்தது.

கொழுப்பு போடவில்லை, கால்சியம் போடவில்லை. காவல் உப்பைத் திரும்பக் கொட்டினேன், அப்போதும் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. சுவிட்ச் போடாமலே எரிகிற விளக்கு மாதிரி. மூன்று தடவை முதலிலிருந்து செய்தேன். மூன்று தடவையும் அப்படியே. பேராசிரியரிடம் எண்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். என் மனசுக்குள் அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் பண்ணையார். பண்ணையார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். சேதி வராமலே விழித்திருக்கும் என்சைம்! இதுவரை யாரும் பார்க்காத வகை! "முனுசாமிக்குத் தங்கக் கை" என்று வராந்தாவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார். என் அப்பா பெயருக்கு இவ்வளவு புகழ் ஆலங்காயத்தில் கிடைத்ததில்லை.

கட்டுரை அச்சேறியது. அதில் அவர் பெயர் கடைசியில், அதாவது இவர்கள் வழக்கப்படி மேலே. என் பெயர் முதலில், அதாவது கீழே. இந்த நாட்டில் நான் நிரந்தரமாகத் தங்குவதற்கு அவர் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதித் தர வேண்டியிருந்தது. அதையும் உடனே எழுதிவிட்டார். கையெழுத்து மட்டும் பாக்கி. கோடை முடிந்ததும் போட்டுத் தருகிறேன் என்று மேஜை இழுப்பறையில் வைத்தார். அந்த ஒரு தாளில்தான் என் வேலை, என் கணவரின் வேலை, மாலதியின் பள்ளிக்கூடம் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன.

வசந்த காலத்தில் கடிதங்கள் வரத் தொடங்கின. வேறு ஊர் ஆய்வுக்கூடம் ஒன்று, எங்கள் முறைப்படியே செய்தும் தங்கள் என்சைம் தூங்குகிறது என்று எழுதியது. இன்னொன்றும் அதையே எழுதியது. எங்கள் கூடத்திலேயே டேவிட் என்று ஓர் இளைஞன் என் பக்கத்து மேஜையில் அதே மூளை, அதே தூண், அதே உப்பு வைத்துச் செய்தான். அவனுடையதும் தூங்கியது. எனக்கு மட்டும் விழித்திருந்தது. தங்கக் கை என்று சொன்னவர்கள் என் கையை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள்.

பண்ணையாருக்கு ஒரு பலி வேண்டும். என்னைப் பலி கொடுத்தால் கட்டுரையும் சாகும். ஆகவே கண்ணாடியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார். சோப்போ, அமிலமோ. முனுசாமிக்குப் போன சோதனைக்குழாய்களில் வாண்டா கவனக்குறைவாக இருந்திருக்கிறாள் என்றார். அவளுக்கு வயசாகிவிட்டது, கோடையோடு அனுப்பிவிடலாம் என்றார். ஓய்வூதியத்துக்கு அவளுக்கு இன்னும் ஆறு வருஷம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். நான் என்ன நினைத்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தக் கைக்குட்டையை நினைத்தேன். சிகரெட்டை நினைத்தேன். இருக்கும், இருக்கும் என்று தலையாட்டினேன்.

5

அந்த மே மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மாலதியோடு ஊருக்குப் போனேன். அவளுக்கு அப்போது ஏழு வயசு. கொசுவைப் பற்றி ஒரு புகார், கக்கூஸைப் பற்றி ஒரு புகார், ஏன் எல்லாரும் தன் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள் என்று ஒரு புகார். நானும் சளைக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் சாம்பாரைத் தவிர எல்லாவற்றையும் குறை சொன்னேன். நான் அமெரிக்காவில் இருந்துகொண்டு அமெரிக்காவைத் திட்டுகிறவள். ஆலங்காயம் வந்தால் ஆலங்காயத்தைத் திட்டுகிறவள்.

அண்ணன் ஏழுமலைக்குப் புளி வியாபாரம். ஜவ்வாது மலை ஊர்களில் வாங்கி, வாணியம்பாடியில் விற்பவர். கல்யாணம் முடிந்த மறுநாள் கடைசி லோடு எடுக்க மேலே போவதாகச் சொன்னார். மாலதிக்கு மலை காட்டலாம் என்று நாங்களும் லாரியில் ஏறிக்கொண்டோம். வளைவுக்கு வளைவு அவள் வாந்தி எடுத்தாள்.

மேலே சாமைக் கொல்லைகள் காய்ந்து மழைக்குக் காத்துக் கிடந்தன. அண்ணன் வழக்கமாகப் புளி வாங்கும் வீடு ஒன்றின் முன்னால் லாரி நின்றது. அந்த வீட்டுக்காரி குப்பம்மா, என் வயசுதான் இருக்கும், வாசல் களத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"குடிம்மா. வெயில்ல வந்துகீற."

வாங்கினேன். கொஞ்சம் உள்ளங்கையில் சாய்த்துச் சொம்பின் வாயோரத்தைத் துடைத்து, மீதியை ஒரு சுழற்றுச் சுழற்றி, வாசலில் ஊற்றினேன். ஊற்றிவிட்டு, இப்போது கொடு என்கிற மாதிரி காலிச் சொம்பை அவளிடமே நீட்டினேன்.

குப்பம்மா வாங்கவில்லை. தரையில் ஊறிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, நான் கழுவுனது பத்தலயா?"

அண்ணன் லாரிப் பக்கமிருந்து ஓடிவந்தார். "அதில்ல குப்பம்மா. தங்கச்சி வெளிநாட்ல கீது. அங்கல்லாம் சுத்தம் ரொம்ப பாப்பாங்க. தப்பா எடுத்துக்காத."

"இன்னா சுத்தம்ண்ணா? அலசுனதும் என் கொடத்துத் தண்ணிதான, குடிக்கப் போறதும் அதே தண்ணிதான? அப்ப அழுக்கு எங்க போச்சி?" அவள் குரலை உயர்த்தவில்லை. "ஊத்துல ஒரு கொடம் மொண்டுகினு வர அரமணி நேரம் ஆவுது. அந்தம்மா பாட்டுக்கு ஊத்திட்ச்சி."

எனக்கு முகம் சுட்டது. நான் உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். அதே தண்ணீரால் அலசி அதே தண்ணீரைக் குடிப்பதில் ஒரு கிருமிகூடச் சாகாது என்று இவள் எனக்குச் சொல்கிறாள்.

குப்பம்மா திரும்பவும் களத்தில் உட்கார்ந்து கொட்டை எடுக்க ஆரம்பித்தாள். "இந்தப் புளிய நாங்க இந்தக் கையாலதான் உரிச்சிக் குடுக்கறோம். அத்த மட்டும் அலசாமயே கொழம்புல கரைக்கிறீங்க இல்ல?" என்றாள். அண்ணன் பெரிதாகச் சிரித்துச் சமாளித்தார்.

அப்போதுதான் மாலதி வாய் திறந்தாள். வாந்தி எடுத்துக் களைத்துப்போய் அதுவரை சும்மா இருந்தவள்.

"அம்மா வேலைலயும் இப்டித்தான் பண்ணும். வாண்டா கழுவி வெச்சத எல்லாம் திரும்பவும் பைப்ல கழுவும். நான் பாத்திருக்கேன்."

சனிக்கிழமைகளில் அவளை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். வாண்டா அவளுக்குக் கசகசா வைத்த பன் கொடுப்பாள்.

"யாரு பாப்பா வாண்டா?" என்றாள் குப்பம்மா.

"லேப்ல எல்லாம் கழுவுவாங்க. அவங்க."

குப்பம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பார்றா. அங்கயும் ஒருத்தி கீறாளா" என்றாள்.

பிறகு உள்ளே போய் இன்னொரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து மாலதியிடம் கொடுத்தாள். குழந்தை அப்படியே வாங்கி மடமடவென்று குடித்தது. எனக்கு அவள் மறுபடி கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தாகத்தோடுதான் மலை இறங்கினேன்.

பாதி மலை இறங்கும்போது எனக்கு எங்கள் வீட்டுக் கெட்டில் ஞாபகம் வந்தது. இங்கே நாங்கள் இருக்கும் ஊர் சுண்ணாம்புப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கெட்டிலில் வெள்ளை வெள்ளையாகச் செதில் படியும். ஆலங்காயம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி பருப்பு வேகாத தண்ணீர். சுண்ணாம்பு என்றால் கால்சியம். லாரியில், புளி மூட்டைகளுக்கு முன்னால், மாலதியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பைப்பில் நான் அலசிய சோதனைக்குழாய்களை எண்ணிக்கொண்டே வந்தேன்.

6

திரும்பி வந்ததும் யாரிடமும் சொல்லாமல் இரண்டு வரிசை வைத்தேன். ஒரே மூளை, ஒரே தூண். கடைசி நாள் ஒரு வரிசையை வாண்டா கொடுத்தபடி எடுத்தேன். இன்னொரு வரிசையைப் பைப்பில் அலசி உதறி எடுத்தேன். முதல் வரிசை என்சைம் சமர்த்தாகத் தூங்கியது, கொழுப்பும் கால்சியமும் கொடுத்தபோது எழுந்தது. இரண்டாவது வரிசை கட்டறுந்த காளையாக ஓடியது.

காரணமும் பிறகு தெரிந்தது. மூளையில் இன்னொரு என்சைம் உண்டு, அது வெட்டுகிற ஜாதி. கால்சியம் கிடைத்தால் அதுவும் விழித்துக்கொள்ளும். எவ்வளவு பிரித்தாலும் அதில் துளி எங்களுடையதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். காவல் உப்பு இல்லாத அன்றைக்கு, என் சோதனைக்குழாய்களில் உதறியும் உதறாமல் நின்ற சொட்டுத் தண்ணீரே அதற்குப் போதும். எங்கள் என்சைமில் வேலை செய்கிற பாதி ஒன்று, அதை அடக்கிவைக்கிற பாதி ஒன்று. வெட்டுகிறது இரண்டுக்கும் நடுவில் வெட்டிவிட்டது. அடக்க ஆள் இல்லாத பாதி, கேட்பார் கேள்வியில்லாமல் ஆடியது. பண்ணையார் உலகத்துக்கு அறிவித்த புது வகை என்பது தலை போன முண்டம்.

மூன்று நாள் சும்மா இருந்தேன். அந்த மூன்று நாள் என்ன யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இது எனக்கு மட்டும்தான் தெரியும். சிபாரிசுக் கடிதம் இழுப்பறையில் இருக்கிறது, கோடை முடிந்ததும் கையெழுத்தாகிவிடும். வாண்டா போனால் இன்னொருத்தி வருவாள். நான் இனிமேல் அலசாமல் இருந்தால் என்சைம் தானாக ஒழுங்காகிவிடும், கிழவி போனதால்தான் சரியாயிற்று என்று எல்லாரும் நம்புவார்கள். சோதனையே எனக்குச் சாட்சி சொல்லும். இப்படி ஓர் அருமையான பொய் என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் நான் அலசுவது இன்னொருத்திக்கும் தெரியுமே. மூன்றாம் நாள் சாப்பிடும்போது மாலதி, "வாண்டாவ ஏன் அனுப்பறாங்க? அவங்க நல்லாதானே கழுவறாங்க?" என்று கேட்டாள். பொய் சொல்ல எனக்குத் தைரியம் இருந்தது. ஏழு வயசுப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீ பார்த்ததை யாரிடமும் சொல்லாதே என்று சொல்லத்தான் தைரியம் வரவில்லை. நான் நல்லவள் என்பதால் போய்ச் சொன்னேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பண்ணையாரின் அறைக்குப் போய் இரண்டு வரிசை எண்களையும் மேஜைமேல் வைத்தேன்.

"கண்ணாடியில் தப்பில்லை. நான்தான் அலசினேன்" என்றேன்.

"எதை?"

"கழுவி வைத்ததை."

"சுத்தமாக இருந்ததையா?"

"ஆமாம்."

"பைப்புத் தண்ணீரிலா?"

"ஆமாம்."

"ஏன்?"

"பழக்கம்."

அவர் எண்களை மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு, "உங்கள் நாட்டில் எல்லாருமே இப்படித்தானா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் நாட்டைப் பற்றி ஏளனமாகப் பேச எனக்குத்தான் உரிமை. ஆனால் உண்மையில் எல்லாரும் அப்படித்தானே.

வாண்டாவை அனுப்பும் கடிதம் கிழிக்கப்பட்டது. கட்டுரையை நாலே வரியில் திரும்பப் பெற்றார்கள். என் கடிதம் இழுப்பறையில் பதினாலு மாசம் தூங்கியது. அதற்கும் யாரோ கொழுப்பும் சுண்ணாம்பும் கொடுத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை குடியேற்ற அலுவலகத்தில் போய்க் கால் கடுக்க நின்றோம். அங்கே ஒரு அதிகாரி எங்கள் மூவரின் பாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "முனுசாமி யார்?" என் அப்பா என்றேன். "கோவிந்தன்?" இவருடைய அப்பா. "குழந்தை பெயருக்குப் பின்னால் ராஜேந்திரன் என்றிருக்கிறதே, அது யார்?" அது இவர்தான், குழந்தைக்கு அப்பா. மூன்று பேருக்கு மூன்று கடைசிப் பெயர். நாங்கள் ஒரே குடும்பம் என்று அவர் கடைசிவரை நம்பவில்லை. மாலதி ஆங்கிலத்தில் அவருக்கு விளக்கிச் சொன்னாள். அவர் அவளைப் பார்த்துத்தான் சிரித்தார். அன்றைக்கே அவள் எங்களுக்குப் பாதி அந்நியமாகிவிட்டாள் என்று எனக்குப் பட்டது. இப்போது பதிமூன்று வயசு, நான் இதை எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஜாங்கிரி எழுத்தை யார் படிப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

7

வெள்ளிக்கிழமை கேக் எல்லாம் தீர்ந்து ஆட்கள் கலைந்த பிறகு வாண்டா என் மேஜைக்கு வந்தாள். மண்டைக்கட்டு இல்லாமல் அவளை நான் அன்றுதான் பார்த்தேன். அவள் ஆங்கிலத்துக்கு ஒரு கால் நொண்டி, என்னுடையதற்கு இரண்டு காலும். அவள் சொன்னதைத் தமிழில் எழுதும்போது ஒழுங்காக வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

"அந்தக் காலத்தில் உன் சோதனைக்குழாய்களில் எப்போதும் வெள்ளைப் புள்ளி இருக்கும். வடித்த நீரில் அலசினால் புள்ளி வராது. நீ பைப்பில் அலசுகிறாய் என்று எனக்கு முதல் வருஷத்திலிருந்தே தெரியும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்படியென்றால், உன்னை அனுப்பப் பார்த்தார்களே, அப்போது?"

"அப்போதும் தெரியும்."

"ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அன்றைக்கே தப்பித்திருப்பாயே!"

வாண்டா தோளைக் குலுக்கினாள். "உன் சாமிக்குச் செய்கிற ஏதோ சடங்கு என்று நினைத்தேன். கம்யூனிஸ்ட் ஆட்சியில் எங்கள் ஊரில் சர்ச்சுக்குப் போனதற்காக என் தங்கைக்கு வேலை போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி காட்டிக்கொடுத்தாள். நான் அப்படிச் செய்வேனா?" பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சாமிக்குத்தானே?"

பண்ணையாரிடம் உண்மையைச் சொன்னவள் நான். அது அப்போது எவ்வளவு பெரிய காரியமாகப் பட்டது. இந்தக் கிழவி கேட்டதற்கு உண்மையைச் சொல்வதென்றால், இல்லை வாண்டா, உன் கையை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

"ஆமாம், சாமிக்குத்தான்" என்றேன்.

அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். மாலதிக்கு என்று ஒரு பொட்டலம் கசகசா பன் கொடுத்துவிட்டு, என்னைக் கட்டிப்பிடித்து விடைபெற்றுக்கொண்டு போய்விட்டாள். வாண்டாவுக்குத் தமிழ் தெரியாது. அதனால்தான் இவ்வளவு தைரியமாக இதை எழுதுகிறேன். கோழைக்கு எழுத்து என்று ஒன்று கிடைத்துவிட்டால் பிறகு என்ன கவலை.

திங்கட்கிழமை வாண்டாவின் தொட்டி இருந்த இடத்தில் ஓர் இயந்திரம் வந்து உட்கார்ந்திருந்தது. உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினால் அதுவே கழுவி, அதுவே உலர்த்திக் கொடுக்கிறது. புது என்சைம் ஒன்றுக்கான வேலை தொடங்கியிருக்கிறது. டேவிட் பேசிக்கொண்டே வேலை செய்தான், நானும் பதில் சொல்லிக்கொண்டே வேலை செய்தேன். சாயங்காலம் காலித் தட்டைப் பார்த்தேன். நாற்பது சோதனைக்குழாய் எடுத்திருக்கிறேன். ஒன்றைக்கூட அலசவில்லை.

ஆறு வருஷமாக ஒவ்வொன்றுக்கும் பைப்பை நோக்கிப் போகிற கையை இழுத்து இழுத்துப் பிடித்துத்தான் வேலை பார்த்தேன். அன்றைக்கு அது போகவே இல்லை. இயந்திரத்தை வந்து இறக்கியவன் அதற்குள் என்ன அழுக்கை விட்டுவிட்டுப் போனான் என்று எனக்குத் தெரியாது. வாண்டா அளவுக்கு அது கழுவாது என்பது மட்டும் நிச்சயம். இருந்தும் என் கைக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இயந்திரத்துக்குத்தான் கை கிடையாதே.